சின்முத்திரையும் சிலுவைக் குறியும்

கன்மேந்திரியங்கள் வாக்கு, பாதம், பாணி, பாயு, உபத்தம் என ஐந்தென்ப. இவற்றுள் பேசுதல் வாக்கின் தொழில். இடுதலும் ஏற்றலும் பாணியாகிய கையின் தொழில். ஆயினும் வாக்கு ஓய்ந்தவிடத்து அதன் தொழிலையும் கையே மேற்கொள்ளுதல் உலகியலிற் கண்கூடு. மொழியறியா நாட்டிற் புகுந்தான் கையாற் பேசுகின்றான். பேச வாராக் குழவி கையால் அழைக்கின்றது. துயர் மிக்கு நா எழாதவன் கையை விரித்துக் காட்டுகின்றான். உலகியலில் இவ்வாறாதல் போலவே சமயவொழுக்கத்திலும் சொற் சென்றெட்டாத பொருளை உணர்த்தற்குக் கை துணையாயிற்று. கைக்குறி ஒன்றேனும் கொள்ளாத சமயத்தை உலகத்திற் காண்டல் அரிது.

இக்கைக்குறிகளை நம் ஆகமங்கள் முத்திரை என்னும் பெயரால் வழங்கும். சிவபூசையில் ஆவாகனம், தாபனம், சந்நிதானம், சந்நிரோதனம், அவகுண்டனம் என்னும் கிரியைகள் தத்தமக்குரிய முத்திரைகளோடு செய்யப்படுகின்றன. அமிர்தமாக்குதற்குத் தேனு முத்திரை காட்டப்படுகின்றது. முத்திரை என்னும் சொல்லுக்கு இலச்சினை என்பதும் ஒரு பொருள். அரசன் ஓலையில் இட்ட இலச்சினை சிறு வடிவே. ஆயினும் அதன்கண் அரசனது ஆணை முழுதும் அடங்கும். அவ்வோலையும் அரசனும் இல்வழி அவ்விலச்சினை வெறும் அரக்கே. இவ்வுவமை கைக்குறிக்கு முற்றும் பொருந்தும். பொருளோடு கூடிய குறி பேராற்றலுடையது. பொருளின் நீங்கிய குறி விரல்களின் அசைவேயாம். இவ்வுண்மையை உலக வரலாற்றிலிருந்து இரண்டு குறிகளைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்து.

கைக்குறிகள் இயற்கைக் குறி எனவும் மரபுக் குறி எனவும் இருதிறப்படும். பார்த்தவுடன் எந்நாட்டாரும் பொருளுணரத்தக்கது இயற்கைக் குறி. ஆசிரியன் உணர்த்தினாலன்றிப் பொருள் விளங்காதது மரபுக் குறி. முன்னதற்கு அபயகரம் சிறந்த எடுத்துக்காட்டு. படைக்கலம் இன்மையைக் காட்டி உள்ளங்கை தோன்ற வலக்கையை உயர்த்துதல் அஞ்சற்க என்பதனைச் சொல்லின்றியே உணர்த்தும். கூத்தப்பெருமானது வலக்கைகளுள் ஒன்று இவ்வபயகரமாதல் யாவரும் அறிவர். துடியேந்திய கரம் படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீயேந்திய கரம் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி அருளலையும் குறிக்கும் என்பது திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கத்தாற் பெறப்படும். வீசிய கை எடுத்த திருவடியைச் சுட்டி நிற்றலையும் ஈண்டுக் கருதுக.

இவ்வபயகரம் பாரத நாட்டின் எல்லையளவில் நின்றதன்று. புத்தசமயத்தோடு அது சீனம், கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளுக்குஞ் சென்றது. ஜப்பான் நாட்டு நாரா நகரத்திலுள்ள தோதாய்ஜி ஆலயத்துப் பெரும் புத்தர் திருவுருவம் வலக்கையால் அபயமும் இடக்கையால் வரதமும் காட்டி அமர்ந்துளது. அவ்வுருவிற்குக் கி.பி. 752-ஆம் ஆண்டிற் கண்திறப்பு விழா நிகழ்த்தியவர் இந்திய நாட்டினின்றுஞ் சென்ற போதிசேனர் என்னும் துறவியாவர். அதன் பின்னர்த் தீயாலும் நிலநடுக்கத்தாலும் பன்முறை சிதைந்தும் அவ்வுருவம் மீண்டும் செப்பஞ் செய்யப்பட்டே வந்தது. காசிக்கு அணித்தாகிய சாரநாத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 5-ஆம் நூற்றாண்டினதாகிய புத்தர் உருவம் இருகை விரல்களும் மார்பின்முன் கூடி அறவாழி உருட்டும் குறியைக் காட்டுகின்றது. அஃது ஆசிரியன் கற்பித்தலைக் குறிக்கும் என்பது சொல்லியறிந்தாலன்றி விளங்காது; ஆகலின் அது மரபுக் குறியாம்.

மேல்நாட்டுச் சமயங்களிலும் இவ்விரு திறமுங் காணலாகும். யூதருள் ஆரோன் வழியினராகிய குருமார் மக்களை ஆசீர்வதிக்குங்கால் இருகைகளையும் உயர்த்தி, விரல்களை இடைவெளி தோன்றப் பிரித்துக் காட்டுவர். அப்பொழுது அக்கைகளை நோக்கலாகாது என்பது அவர் மரபு. அக்குலத்தாரது கல்லறைகளில் பெயரினும் மேலாக அவ்விருகை வடிவமே பொறிக்கப்படும். பிராக் நகரத்துப் பழைய யூத இடுகாட்டில் இத்தகைய கற்களை இன்றும் காணலாம். இஸ்லாமியர் தொழுகையில் அமர்ந்து சான்றுரை கூறுமிடத்து வலக்கைச் சுட்டுவிரலை நீட்டி இறைவன் ஒருவனே என்பதனைக் காட்டுவர். அவ்விரலை எச்சொல்லின்போது உயர்த்துவது, அசைப்பதோ அசையாது நிறுத்துவதோ என்பவற்றில் அவர்தம் நூன்மரபுகள் தம்முள் வேறுபடினும், குறித்த பொருள் ஒன்றே.

கிறிஸ்தவர் தொடக்கக் காலத்தே இருகைகளையும் விரித்துயர்த்தி வழிபட்டனர். உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் இந்நிலையிலுள்ள ஓவியங்கள் பல உள. சிலுவைக் குறியை அவர் நெற்றியில் இட்டுவந்தமையை, கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் எழுதியுள்ளார். வெளியே செல்லுங்காலும், உள்ளே புகுங்காலும், உடுக்குங்காலும், நீராடுங்காலும், உண்ணுங்காலும், விளக்கேற்றுங்காலும் அவர் அக்குறியை இட்டனராம். வேளைதோறும் திருநீறு இடும் மரபுடைய சைவர்க்கு இவ்வொழுக்கம் எளிதில் விளங்கும். பின்னர் அக்குறி நெற்றியினின்றும் மார்பு, தோள்கள் வரை விரிந்தது. விரிந்தபொழுது, எவ்விரல்களாற் குறியிடுவது என்னும் வினாவும் உடன் எழுந்தது. கி.பி. 451-இல் கால்செதோன் நகரத்துக் கூடிய பேரவை, கிறிஸ்துவினிடத்துத் தேவ சுபாவமும் மானுட சுபாவமும் ஆகிய இரண்டும் உள என்று துணிந்தது. அதன்பின் திரித்துவமாகிய மூன்றையும் சுபாவங்களாகிய இரண்டையும் ஒரு கையின் ஐந்து விரல்களிலே அமைத்துக் காட்டும் வழக்கம் கிரேக்கத் திருச்சபையில் வளர்ந்தது.

இவ்வைந்து விரற் குறியை ஆராயுமுன், சைவர்க்கு உரிய ஐந்து விரற் குறியாகிய சின்முத்திரையை நோக்குதல் வேண்டும். சிவாலயத்து விமானத்தின் தென்புறத்தே ஆலமர நீழலில் தக்ஷிணாமூர்த்தியாக எழுந்தருளிய பெருமான், சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வர்க்கும் வாய் திறவாது உபதேசித்த குறி அது. வலக்கையின் சுட்டுவிரல் வளைந்து பெருவிரலைச் சார, ஏனை மூன்று விரல்களும் விலகி நிற்றல் அதன் வடிவம். பெருவிரல் பதி; சுட்டுவிரல் பசுவாகிய ஆன்மா; நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் என்பன ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். இயல்பாகவே சுட்டுவிரல் அம்மூன்று விரல்களோடு ஒருவரிசையிற் சேர்ந்து நிற்கின்றது. பெருவிரலோ தனித்து நிற்கின்றது. அவ்வரிசையை விட்டுச் சுட்டுவிரல் பெருவிரலைச் சார்தலே வீடுபேறு. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு என்னும் சித்தாந்தத் துணிபு இவ்வொரு குறியிலே முழுதும் அடங்குதல் காண்க.

பெருவிரலின் அமைப்பும் இப்பொருளுக்கு இயைந்ததே. ஏனை நான்கு விரல்களும் ஒன்றனையொன்று நேர்நோக்கிக் கூடமாட்டா. பெருவிரல் ஒன்றே நான்கினையும் தனித்தனி எதிர்கொண்டு கூடவல்லது. அஃதின்றி எழுதுதலும் பிடித்தலும் கைக்கு அரியனவாம். தனித்து நின்றே எல்லாவற்றையும் இயக்குதலின் அது பதிக்கு உவமையாயிற்று. மற்றும் விலகி நின்ற மூன்று விரல்களும் அறுக்கப்பட்டில, கையிலேயே உள. முத்தியினும் ஆணவமலம் அழிந்தொழியாது ஆற்றல் மடங்கி நிற்கும் என்னும் சித்தாந்தக் கொள்கை இதனாற் குறிப்பிக்கப்படும்.

இனி, இச்சின்முத்திரைக்கு ஏகான்மவாதிகள் வேறு பொருள் கூறுவர். சுட்டுவிரல் சீவன், பெருவிரல் பிரமம், இரண்டுங் கூடிய வட்டம் அவற்றின் ஐக்கியம், விலகிய மூன்றும் முக்குணங்கள் அல்லது மூன்று அவத்தைகள் என்பது அவர் கொள்கை. சித்தாந்திகள் இதனை மறுத்து, விரலிரண்டும் சார்ந்தவிடத்தும் விரல் இரண்டே, ஒன்றாயினவல்ல, பிரிந்தனவும் அல்ல, அதுவே அத்துவிதம் என்பர். மெய்கண்டார் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அத்துவிதம் என்னும் சொல்லுக்கு வரைந்தருளிய பொருளும் இதுவே. இங்ஙனம் குறி ஒன்றாக, பொருள் இரண்டாயிற்று. இவ்விரு சாராரும் நூலாலும் உரையாலும் பல நூற்றாண்டுகளாக வாதம் புரிந்துள்ளனர். ஆயினும் ஒரே ஆலயத்தில் ஒரே தென்முகக் கடவுளின் முன்னே இருவரும் கைகூப்பி நிற்கின்றனர். அக்குறியைக் காட்டும் விரல்களை மாற்றுக என ஒருவர் மற்றவரை நெருக்கியதில்லை.

இதற்கு நேர்மாறாக, பொருள் ஒன்றேயாகக் குறி இரண்டானமையால் ஒரு பெருநாடு பிளவுண்ட வரலாறு ருஷிய தேசத்தில் நிகழ்ந்தது. கி.பி. 988-இல் கீயெவ் நகரத்து மன்னன் விளாதிமிர் கான்ஸ்டாண்டிநோபிளினின்றும் கிறிஸ்தவ சமயத்தை ஏற்றுக்கொண்டான். அக்காலத்துக் கிரேக்கர் சுட்டுவிரலும் நடுவிரலுமாகிய இருவிரல்களை நீட்டிச் சிலுவைக் குறி இட்டனர். அதனையே ருஷியரும் கைக்கொண்டனர். பிற்காலத்தே கிரேக்கர் அவ்வழக்கினை விடுத்துப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் கூட்டிக் குறியிடத் தலைப்பட்டனர். ருஷியரோ தாம் பெற்றதனை மாற்றாது காத்தனர். 1439-இல் பிளாரன்ஸ் நகரத்தே கிரேக்கர் உரோமச் சபையோடு உடன்பட்டதும், 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமானதும் ருஷியர் உள்ளத்தில் ஓர் எண்ணத்தை வேரூன்றச் செய்தன: கிரேக்கர் தூய நெறியினின்றும் வழுவினர், அதனைக் காக்கும் பொறுப்பு இனி மாஸ்கோவினுடையதே என்பது அவ்வெண்ணம். 1551-இல் நான்காம் இவான் மன்னன் காலத்தே மாஸ்கோவிற் கூடிய பேரவை, இருவிரலாற் குறியிடாதார் சபிக்கப்படுக என்றே விதித்தது. நூறு அத்தியாயங்களாக எழுதப்பட்டமையின் அவ்வவையின் நூல் நூறத்தியாயம் எனப் பொருள்படும் பெயரால் வழங்கிற்று.

நூறாண்டு கழிந்தது. 1652-இல் நிக்கோன் என்பவர் மாஸ்கோவின் பேட்ரியார்க் என்னும் தலைமைக் குருபீடத்தில் ஏறினார். கிரேக்க வழக்கோடு ருஷிய வழக்கு முற்றும் ஒத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அலெக்ஸி மன்னனும் அதற்கு இசைந்தான். 1653-ஆம் ஆண்டு நோன்புக் காலத்திற்குச் சற்று முன்னர், இனி மூன்று விரல்களாலேயே குறியிடுதல் வேண்டும் என்று நிக்கோன் ஆணை விடுத்தார். அவையைக் கூட்டாது, ஆராய்ந்து உரையாது, ஓர் ஓலையளவில் அவ்வாணை வந்தது. வழிபாட்டு நூல்களிலும் இயேசு என்னும் பெயரின் எழுத்து முதலாகப் பல திருத்தங்கள் தொடர்ந்தன. 1656-இல் இருவிரலாற் குறியிடுவோர் சபைக்குப் புறம்பென விலக்கப்பட்டனர். நிக்கோன் மன்னனோடு மாறுபட்டு 1658-இல் பீடம் விட்டகன்றார். 1666-இல் பேரவை அவரது பதவியைப் பறித்தது. ஆயினும் அவர் செய்த மாற்றத்தை அப்பேரவை 1667-இல் நிலைநிறுத்திற்று. 1551-ஆம் ஆண்டின் விதி அறியாமையால் விதிக்கப்பட்டது எனவுந் தள்ளிற்று. இதன்கண் வியப்பொன்று உளது. பீடம் விட்டகலுமுன், தம்மை எதிர்த்துப் பின் பணிந்த நெரோனோவ் என்னும் குருவிடம், பழைய நூல்களும் நன்று புதிய நூல்களும் நன்று, விரும்பியதனைக் கைக்கொள்க என நிக்கோனே கூறினர் என்ப. அச்சொல்லை அவர் நாடறியச் சொல்லியிருப்பரேல் பின் நிகழ்ந்தவற்றுட் பல நிகழாதொழிந்திருக்கும்.

பின் நிகழ்ந்தனவோ கொடியன. அவாக்கூம் என்னும் குரு பழைய நெறியை விடாமையால் மனைவி மக்களோடு சைபீரியாவிற்குத் துரத்தப்பட்டார். 1664-இல் மீண்டு வந்தும் அவர் கருத்து மாறிற்றிலர். 1667 முதல் வடதுருவத்தை யடுத்த பூஸ்தோசெர்ஸ்க் என்னும் ஊரில் நிலவறைச் சிறையில் இடப்பட்டார். அவருடைய தோழராகிய லாசர், எபிபானி, பியோதர் என்பார் நா அறுக்கப்பட்டனர். குறியிட்ட வலக்கையும் அவர்க்குத் தண்டத்திற்குள்ளாயிற்று. லாசரின் கை மணிக்கட்டில் வெட்டப்பட்டு நிலத்தில் வீழ்ந்தபொழுது, அவ்வீழ்ந்த கையின் விரல்கள் தாமே இருவிரற் குறியாக மடிந்து கிடந்தன என்று அவாக்கூம் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அந்நூலை அவர் சிறையிலிருந்தே எழுதினார். ருஷிய மொழியில் மக்கள் வழக்கை ஒட்டி எழுந்த முதனூல்களுள் ஒன்றாக அஃது இன்று மதிக்கப்படுகின்றது. 1682 ஏப்ரல் திங்களில் அந்நால்வரும் ஒருங்கே எரிக்கப்பட்டனர்.

பெருஞ்செல்வக் குடியிற் பிறந்தவரும் அரசனவைக்கு அணியராயிருந்தவருமாகிய பெயதோசியா மொரோசோவா என்னும் மங்கை, 1671-இற் சிறைப்பட்டார். 1675-இல் பொரோவ்ஸ்க் என்னும் ஊரிற் குழியொன்றில் இடப்பட்டு, உணவின்றி உயிர்துறந்தார். அவரைச் சறுக்குவண்டியில் ஏற்றித் தெருவழியே கொண்டுசென்ற காட்சியைச் சூரிகோவ் என்னும் ஓவியர் 1887-இல் வரைந்தார். விலங்கிட்ட கையை உயர்த்தி அம்மங்கை இருவிரல் காட்டுகின்றார். பனியில் அமர்ந்த ஏழை ஒருவன் தானும் இருவிரல் உயர்த்தி எதிர் வணங்குகின்றான். அவ்வோவியம் மாஸ்கோவிலுள்ள திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் உளது. வெண்கடல் தீவிலுள்ள சொலோவெத்ஸ்கி மடத்துத் துறவிகள் 1668 முதல் 1676 வரை அரசன் படையை எதிர்த்து நின்று இறுதியில் மடிந்தனர். 1685-இல் பழைய நெறியை விடாது பிடிவாதம் செய்வாரை எரிக்குமாறு சட்டமே விதிக்கப்பட்டது. பிடிபடுதற்கு அஞ்சித் தம்மையே தீக்கிரையாக்கிக்கொண்டோர் ஆயிரக்கணக்கினர். எஞ்சினோர் காடுகளிலும் எல்லைப்புறங்களிலும் ஒதுங்கினர்; பீட்டர் மன்னன் 1716-இல் அவர்மேல் இருமடங்கு வரி சுமத்தினான்.

இனி, இத்துணைத் துன்பத்திற்கும் காரணமாகிய அவ்விரு குறிகளின் பொருளை நோக்குக. பழைய நெறியினர் பெருவிரலும் மோதிரவிரலும் சிறுவிரலும் கூட்டுவர்; அம்மூன்றும் திரித்துவம். நீட்டிய சுட்டுவிரலும் நடுவிரலும் கிறிஸ்துவின் இரு சுபாவங்கள். புதிய நெறியினர் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் கூட்டுவர், அம்மூன்றும் திரித்துவம். உள்ளங்கையில் மடக்கிய மோதிரவிரலும் சிறுவிரலும் கிறிஸ்துவின் இரு சுபாவங்கள். முன்னதிலும் மூன்றும் இரண்டும். பின்னதிலும் மூன்றும் இரண்டும். கொள்கையில் அணுவளவும் வேற்றுமை இல்லை. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பொருளை ஒரே கையின் ஐந்து விரல்களிலே வைத்து வணங்கினர்.

அற்றேல், பொருள் ஒன்றாயிருப்ப, விரல் மடக்கும் முறையின் பொருட்டு உயிர்விட்டது பேதைமையன்றோ எனின், அற்றன்று. அவர்க்கு அது விரல் மடக்கும் முறையளவில் நின்றதன்று. அக்குறியை இட்டே அவர் தந்தையரும் பாட்டன்மாரும் வாழ்ந்து மறைந்தனர். அவர் போற்றிய அடியார் பலரும் அக்குறி இட்டவரே. இன்று அக்குறி சாபத்திற்குரியது எனின், அன்று அவரெல்லாம் சாபத்திற்குரியராயினரோ என்பதே அவர் உள்ளத்தை வருத்திய வினா. குறியை மாற்றுக என்பதனை ஒருகாற் பொறுத்திருப்பர்; முன்னோர் நெறியை இகழ்க என்பதனைப் பொறுத்திலர். அடையாளத்தின் பொருட்டு உயிர்விடுதலின் அருமை சைவர்க்குப் புதிதன்று. பகைவன் மேனியிற் கண்ட திருவேடத்தையே மெய்ப்பொருள் எனக் கொண்டு, தம்மைக் குத்திய அவனை ஊறின்றி அனுப்பினார் மெய்ப்பொருள் நாயனார். போரிடையே பகைவன் நெற்றியில் திருநீறு கண்டு, அவன் கருத்து நிறைவேறுமாறு நின்றார் ஏனாதிநாத நாயனார். இவர்தம் வரலாறுகளைப் பெரியபுராணத்துட் படித்துருகும் சைவர், மொரோசோவா உயர்த்திய இருவிரலை எள்ளுதற்குரியரல்லர்.

ஆயின் ஈண்டு ஒரு வேற்றுமை நினைவிற் கொள்ளத்தக்கது. நாயன்மார் குறியின் பொருட்டுத் தம்முயிரை ஈந்தனர், பிறருயிரை வாங்கிற்றிலர். அவ்விருவர் வரலாற்றிலும் குறியை மதித்தவர் மாண்டவரே. குறியைக் கருவியாக்கியவர் கொன்றவர். ருஷிய தேசத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. அரசன் ஆணையும் சிறையும் தீயும் வந்து புகுந்தவிடத்துக் குறி சமயத்தின் நீங்கி அரசியலின் கருவியாயிற்று. உபதேசத்தாற் பெறவேண்டியதனைத் தண்டத்தாற் பெற முயன்றதே அங்கு நேர்ந்த பிழை. இஃது அந்நாட்டார்க்கோ அச்சமயத்தார்க்கோ மட்டும் உரிய பிழையன்று. தமிழகத்தும் நெற்றிக்குறியின் வடிவுபற்றி வழக்கு மன்றம் ஏறியவர் உண்டு. ஆகலின் இவ்வரலாறு பிறரை இழித்தற்கன்று, தம்மைத் தேர்தற்கே பயன்படுவதாம்.

பழைய நெறியினரது வழக்கின் உண்மை பின்னர் வெளிப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கப்தெரேவ், கொலுபின்ஸ்கி என்னும் ருஷியத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தனர். இருவிரற் குறி ருஷியர் அறியாமையால் தோன்றிய பிழையன்று. அதுவே கிரேக்கரிடமிருந்து பெற்ற பழைய வழக்கு. மாறியவர் கிரேக்கரே என அவர் காட்டினர். 1905-இல் அரசன் ஆணையால் பழைய நெறியினர்க்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. 1971-இல் மாஸ்கோவிற் கூடிய திருச்சபைப் பேரவை, 1656, 1667 ஆம் ஆண்டுகளின் சாபங்களை நிகழாதனவாகக் கொண்டு நீக்கிற்று. பழைய குறியும் புதிய குறியும் ஒப்ப வீடுபயப்பனவே என்றும் மொழிந்தது. நெரோனோவிடம் நிக்கோன் தனித்துரைத்த சொல்லே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டு அவையின் சொல்லாயிற்று. இடைப்பட்ட காலத்தே எரிந்த உயிர்களை அச்சொல் மீட்டுத் தரவல்லதன்று.

இவ்விரு குறிகளின் வரலாற்றினின்றும் பெறப்படுவன யாவை? குறி ஒன்றாகப் பொருள் இரண்டாதல் சின்முத்திரையிலும், பொருள் ஒன்றாகக் குறி இரண்டாதல் சிலுவைக் குறியிலும் காணப்பட்டன. ஆகவே குறிக்கும் பொருளுக்கும் உள்ள இயைபு விரலின் இயற்கையால் அமைந்ததன்று. ஆசிரியன் உணர்த்தலால் அமைந்தது என்பது தெளிவு. இஃதறிந்து சிலர், அங்ஙனமாயிற் குறி எதற்கு, பொருளொன்றே அமையும் என்பர். அதுவும் பொருந்தாது. பொருளைப் பற்றுதற்கு ஆன்மாக்களுக்கு ஒரு சார்பு வேண்டும். அருவமாகிய முதல்வனே அதன்பொருட்டு உருவத் திருமேனி கொண்டருளுகின்றான். அவன் கொண்ட வடிவின் கையிலே அமைந்த குறியை இகழ்தல் அவனருளை இகழ்தலாய் முடியும். மற்றுஞ் சிலர் குறியே அமையும், பொருள் வேண்டா என ஒழுகுவர். பூசையில் முத்திரைகளை விரைந்து காட்டிச் செல்வார் பலர். அவற்றின் பொருள் வினவுவார் சிலரே. பொருளறியாது குறியைப் பற்றுவோர் அமைதியான காலத்தே அதனைச் சோர்வர். கலகக் காலத்தே அதனைப் படைக்கலமாக்குவர். இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு பயன்கள்.

இதற்கு மருந்து தென்முகக் கடவுளின் திருவுருவிலேயே உளது. அப்பெருமான் முயலகனைத் திருவடியின்கீழ் அடக்கினான், மாணாக்கரை அடக்கிற்றிலன். வினவி வந்த நால்வர்க்கும் குறியைக் காட்டி, அவர் தாமே உணரும் வரை அமர்ந்திருந்தான். ஆணை விடுத்ததுமில்லை, வாதித்ததுமில்லை. அவன் கையில் விலகி நின்ற மூன்று விரல்களையும் வெட்டுதலின்றி, ஒருவிரல் தானே வளைந்து பெருவிரலைச் சார்கின்றது. வளைதல் அன்பால் நிகழ்வது. பிறர் வளைக்க நிகழ்வதன்று. சின்முத்திரை கூறும் பொருளைப் போலவே அதனைக் காட்டிய முறையும் உபதேசமாம்.

ஆதலின் ஆலயஞ் சென்று தென்முகக் கடவுளை வணங்கும் அன்பர்கள் அத்திருக்கரத்தின் முன்னே சிறிது நின்று, அவ்வைந்து விரல்களின் பொருளையும் உளங்கொண்டு, தம் மக்கட்கும் அதனை எடுத்துரைப்பார்களாக. பிறர் கையிற் காணும் குறி தம் குறியின் வேறுபடினும், அதன்பின் நிற்கும் அன்பினை மதிப்பார்களாக. குறியாலும் பொருளாலும் ஒருங்கே நெறி நின்று, சுட்டுவிரல் பெருவிரலைச் சார்ந்தாற்போல முதல்வன் திருவடியைச் சார்ந்து உய்வார்களாக.

சிவம்.